கை பழகிய தடத்தை மாற்றுவது எப்படி: கிராஃபிக் டிசைனில் தேக்கம் வந்தால்

தேக்கம் என்றால் ஐடியா வறண்டுபோவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் நிலைமை வேறு. ஐடியா வரத்தான் செய்கிறது, ஆனால் வருவதெல்லாம் போன வேலையின் சாயலிலேயே வருகிறது. புது ஃபைலைத் திறந்து பத்து நிமிடம் ஆவதற்குள் தலைப்பு இடது மேல் மூலைக்குப் போய்விடும். வழக்கமான ஃபாண்ட் தடித்த எடையில் வந்து உட்கார்ந்துவிடும். பின்னால் ஒரு கிரேடியன்ட் (ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாக மாறும் பூச்சு), கீழே ஒரு பட்டை, பட்டைக்குள் லோகோ. இதில் எதையும் நீங்கள் யோசித்து முடிவு செய்யவில்லை. உங்களுக்கு முன்பே கை முடிவு செய்துவிட்டது.

அதனால்தான் உத்வேகம் தேடி மணிக்கணக்கில் படங்களைப் புரட்டியும் ஒன்றும் மாறுவதில்லை. எதைப் பார்த்துவிட்டு வந்தாலும் அதே கைதான் அதே இடத்தில் தலைப்பை வைக்கப்போகிறது. எந்த முடிவை யோசிக்காமல் எடுக்கிறோம் என்று கண்டுபிடித்து, அந்த ஒன்றை மட்டும் கையிலிருந்து பிடுங்கிவிடுவதுதான் வழி. இங்கே சொல்லப்போகும் எல்லா முறைகளுக்கும் அடிப்படை அதுதான்.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, களைப்பு. தூக்கம் குறைந்து, மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் கழுத்தை நெரிக்கும்போது வருவது தேக்கம் இல்லை. அதற்கு மருந்து ஓய்வு, பயிற்சி அல்ல. இரண்டு, பிரீஃப், அதாவது என்ன வேண்டும் என்று கிளையண்ட் எழுதித் தரும் குறிப்பு. "மாடர்னா, எளிமையா, கண்ணைக் கவர்ற மாதிரி" என்று மட்டும் எழுதியிருந்தால் எவ்வளவு திறமை இருந்தும் பிடிமானம் கிடைக்காது. அந்த பிரீஃபை ஒரே வாக்கியமாக நீங்களே திருப்பி எழுதிப் பாருங்கள்: "இதைப் பார்ப்பவர் யார், எங்கே நின்று பார்ப்பார், பார்த்ததும் என்ன செய்ய வேண்டும்?" வாக்கியம் முடியவில்லை என்றால் ஓட்டை பிரீஃபில் இருக்கிறது. கிளையண்டிடம் கேட்டு அதை அடைத்துவிட்டு வாருங்கள். பாதி வேலைகளில் தேக்கம் என்று நினைத்தது அங்கேயே தீர்ந்துவிடும்.

கடைசிப் பன்னிரண்டு வேலைகள்

இரண்டும் சரியாக இருந்தும் சலிப்பு தட்டுகிறதென்றால், முடித்துக் கொடுத்த கடைசி 12 வேலைகளை எடுங்கள். சிறந்த 12 அல்ல, கடைசி 12. சிறந்தவற்றைப் பொறுக்கினால் உங்கள் விருப்பம்தான் தெரியும். பழக்கம் தெரிய வேண்டுமென்றால் அவசரத்தில் முடித்த வேலைகளும் உள்ளே இருக்க வேண்டும்.

ஒவ்வொன்றையும் 300 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, ஒரே ஆர்ட்போர்டில் (மென்பொருளில் திறக்கும் வெற்றுப் பக்கத்தில்) வரிசைக்கு 4 என்று 3 வரிசையாக அடுக்குங்கள். அந்த ஆர்ட்போர்டை இரண்டு முறை நகலெடுங்கள். ஒரு நகலைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். இன்னொன்றுக்கு, எழுத்தைப் படிக்க முடியாத அளவுக்கு பிளர் கொடுங்கள். 8 முதல் 10 பிக்சல் போதும். வண்ண மூலத்தில் வேலைகள் ஒன்றுக்கொன்று வேறுவேறாகத் தெரிந்திருக்கும். கறுப்பு வெள்ளையில், எல்லாமே ஒரே நடுத்தர சாம்பலில் மிதப்பது தெரிந்துவிடும். பிளர் செய்ததில் கனம் எங்கே உட்காருகிறது என்பது மட்டும் மிஞ்சும். பன்னிரண்டில் ஒன்பதில் கனம் இடது பக்கமே இருந்தால், உங்கள் கைத்தடம் அதுதான்.

பிறகு ஒரு அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. நெடுவரிசைகள் இவை: மிகப் பெரிய உருப்படி எங்கே இருக்கிறது, தலைப்பின் அலைன்மென்ட் (இடம், வலம், நடு எதில் ஒட்டி நிற்கிறது), ஃபாண்டும் எடையும், மிகப் பெரிய எழுத்துக்கும் மிகச் சிறிய எழுத்துக்கும் உள்ள விகிதம், எத்தனை நிறம், எது ஆதிக்கம், படம் எந்த வகை, வெற்றிடம் எங்கே.

விகிதத்தைத் தவறாமல் கணக்கிடுங்கள். பலர் தவறவிடும் நெடுவரிசை இதுதான். தலைப்பு 48 பாயின்ட், சின்ன எழுத்து 16 பாயின்ட் என்றால் விகிதம் 3. பன்னிரண்டு வேலையும் 2-க்கும் 4-க்கும் நடுவில் சுற்றிக்கொண்டிருந்தால், ஃபாண்டை எத்தனை முறை மாற்றினாலும் பக்கம் ஒரே குரலில்தான் பேசும். தலைப்பு 160, விவரம் 10 என்று வைத்துப் பாருங்கள். அதே ஃபாண்ட், அதே நிறம், ஆனால் வேறு ஆள் செய்தது போல இருக்கும்.

ஒரு நெடுவரிசையில் 8 அல்லது அதற்கு மேல் ஒரே பதில் வந்தால் தேக்கம் அங்கே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிராண்டு விதிப்படி கட்டாயமாகப் பயன்படுத்திய ஃபாண்டையும் நிறத்தையும் தனியாகக் குறித்துவிட்டு எண்ணுங்கள். அது உங்கள் பழக்கம் இல்லை, கிளையண்டின் சட்டம்.

ஒன்றை மட்டும் பிடுங்குங்கள்

அட்டவணையில் அதிகம் தேங்கிய ஒரே நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, அடுத்த 5 வேலைகளுக்கு அதில் ஒரு தடை போடுங்கள். ஒரு தடைதான். உற்சாகத்தில் ஃபாண்ட், நிறம், கிரிட் (பக்கத்தை நெடுவரிசைகளாகப் பிரிக்கும் கோடுகள்), படம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், கிடைப்பது நன்றாக இருந்தாலும் எதனால் நன்றாக வந்தது என்று தெரியாது. மோசமாக இருந்தால், பயந்து பழைய இடத்துக்கே ஓடிவிடுவீர்கள். தடையை வாரத்துக்கு ஒன்றாக மாற்றுவதும் பலன் தராது. முதல் இரண்டு வேலைகளில் தடை எரிச்சலூட்டும், மூன்றாவதில்தான் கை புது வழி தேடத் தொடங்கும்.

எழுத்தில் தேக்கம் என்றால்: ஒரு குடும்பம், ஒரு எடை, இரண்டே அளவு, அவற்றுக்கிடையே விகிதம் 8-க்குக் குறையக் கூடாது. தடித்த எழுத்து கிடையாது, நிற எழுத்து கிடையாது. எது முக்கியம் என்று காட்ட இடமும் வெற்றிடமும் வரி முறிவும் மட்டுமே மிஞ்சும். அந்த மூன்றைத்தான் அவசரத்தில் மறந்திருப்போம்.

தமிழ் எழுத்தில் இதைச் செய்யும்போது இரண்டு இடங்களில் சறுக்கும். ஆங்கிலத்துக்குப் பழகிய 120 சதவீத வரி இடைவெளியை அப்படியே வைத்தால், கீழிறங்கும் உகரக் குறியும் அடுத்த வரியில் மேலேறும் ஈகாரக் குறியும் மோதிக்கொள்ளும். உடல் எழுத்துக்கு 140 முதல் 150 வரை வைத்துப் பாருங்கள். பெரிய தலைப்பில் எந்த எழுத்துக்கு அடியில் எந்த எழுத்து வருகிறது என்று பார்த்து, கையால் சரிசெய்வதே நல்லது. இரண்டாவது, எழுத்திடை இடைவெளி. ஆங்கிலத் தலைப்பை அகட்டி வைப்பது போலத் தமிழை அகட்டினால், ‘செ’, ‘கை’ போன்றவற்றில் முன்னால் நிற்கும் குறி தன் மெய்யை விட்டுப் பிரிந்து, முந்தைய எழுத்தின் வால் போல ஆகிவிடும். காற்றோட்டம் வேண்டுமென்றால் சொற்களுக்கு இடையிலும் வரிகளுக்கு இடையிலும் கொடுங்கள், எழுத்துக்கு இடையில் வேண்டாம்.

லேஅவுட்டில் தேக்கம் என்றால் கிரிட்டின் எண்ணை மாற்றுங்கள். 12 நெடுவரிசை வசதியானது, ஏனென்றால் அது 2, 3, 4, 6 எல்லாவற்றாலும் வகுபடும். அந்த வசதியால்தான் பாதிக்குப் பாதி, மூன்றில் ஒன்று என்று கை தானாகப் போகிறது. 5 நெடுவரிசை போடுங்கள். ஐந்தைச் சமபாதியாகப் பிரிக்க முடியாது. இரண்டும் மூன்றுமாகவோ ஒன்றும் நான்குமாகவோ பிரித்தே ஆக வேண்டும். ஏ4 தாள் 210 மி.மீ. அகலம். இரு பக்கமும் 15 மி.மீ. விட்டால் மீதம் 180. நெடுவரிசைகளுக்கு இடையே 4 மி.மீ. என்றால் நான்கு இடைவெளிக்கு 16 போக 164. ஒரு நெடுவரிசை 32.8 மி.மீ. எழுத்துக்கு இரண்டு நெடுவரிசை கொடுத்தால் 69.6 மி.மீ., படத்துக்கு மூன்று கொடுத்தால் 106.4 மி.மீ. இந்தச் சமமின்மை பக்கத்துக்கு ஒரு இழுவையைத் தரும். நடுவில் வைத்து ஒப்பேற்ற அது இடம் தராது.

நிறத்தில் தேக்கம் என்றால் கொஞ்ச நாள் நிறத்தையே விட்டுவிடுங்கள். சுவிஸ் டிசைனர் ஆர்மின் ஹோஃப்மன் 1959-இல் ‘ஜிசெல்’ பாலே நிகழ்ச்சிக்குச் செய்த போஸ்டரில் கறுப்பு வெள்ளை தவிர ஒன்றுமில்லை. மங்கலாகச் சுழலும் நடனப் பெண், பக்கத்தில் நெட்டுக்குத்தாக நிற்கும் எழுத்து, அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் உள்ள அசைவும் நிலையும்தான் போஸ்டரைத் தாங்குகிறது. கறுப்பு வெள்ளையில் நிற்காத லேஅவுட்டுக்கு நிறம் பூசினால் கொஞ்ச நேரம் ஏமாற்றலாம், அவ்வளவே.

பிறகு ஓவியரும் ஆசிரியருமான ஜோசப் ஆல்பர்ஸ் மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சிக்கு வாருங்கள். அவர் பெயின்ட்டை விடக் கலர் காகிதத்தையே விரும்பினார். கலக்கத் தேவையில்லை, அதே நிறம் மறுபடி அச்சு மாறாமல் கிடைக்கும். 10 செ.மீ. சதுரங்கள் இரண்டு வேறு நிறத்தில் எடுத்து, இரண்டின் நடுவிலும் ஒரே காகிதத்திலிருந்து வெட்டிய 2 செ.மீ. துண்டை ஒட்டுங்கள். அந்த ஒரே நிறம் இரு இடத்திலும் இரு நிறமாகத் தெரிய வேண்டும். பின்னணிகளை மாற்றி மாற்றி வைக்காமல் இது வராது. ஒரு மணி நேரம் இதைச் செய்தவருக்கு, ரெடிமேடாகக் கிடைக்கும் நிறத்தொகுப்பை அப்படியே எடுத்து ஒட்டுவது ஏன் பல நேரம் செத்துப்போகிறது என்று புரிந்துவிடும். நிறத்துக்கென்று தனியாக ஒரு தோற்றம் இல்லை. பக்கத்தில் என்ன இருக்கிறதோ, எந்த அளவில் இருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் அது தெரிகிறது.

படத்தில் தேக்கம் என்றால், முழுப் புகைப்படத்துக்குத் தடை. பத்தில் ஒரு பங்கை மட்டும் வெட்டி எடுத்து, அதைப் பக்கம் முழுக்கப் பெரிதாக்குங்கள். மூலப் படத்தின் தெளிவு போதாமல் புள்ளி உடையும். அப்போது மறைக்கப் பார்க்காமல் ஹாஃப்டோன், அதாவது பெரிதும் சிறிதுமான புள்ளிகளால் ஆன படமாக ஆக்கிவிடலாம்.

முப்பத்திரண்டு கட்டங்கள்

எந்தத் தடை போட்டாலும் இந்தப் படியைத் தாண்டிப் போக வேண்டாம். மொத்த வழிகாட்டியிலும் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால், இதைச் செய்யுங்கள்.

இரண்டு ஏ4 தாள் எடுத்து ஒவ்வொன்றையும் நான்கு முறை பாதியாக மடித்து விரியுங்கள். தாளுக்கு 16 கட்டம், மொத்தம் 32. ஒவ்வொரு கட்டமும் 52-க்கு 74 மி.மீ., அதாவது ஏ8. ஏ வரிசைத் தாளை எத்தனை முறை பாதியாக மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாது. எனவே கட்டம் ஒவ்வொன்றும் உங்கள் போஸ்டரின் சரியான சிறு வடிவம். சமூக ஊடகச் சதுரப் பதிவுக்குச் செய்கிறீர்கள் என்றால் கட்டத்துக்குள் 5 செ.மீ. சதுரம் வரைந்துகொள்ளுங்கள்.

தடித்த மார்க்கர் எடுங்கள். பென்சில் வேண்டாம். பென்சில் கூராக இருந்தால் மூக்கும் கண்ணும் வரையத் தோன்றும், அழிக்கவும் தோன்றும். மார்க்கரில் கனம், இடம், திசை மூன்றைத்தான் காட்ட முடியும். இப்போதைக்கு அது போதும். கட்டத்துக்கு 90 விநாடி. டைமர் ஒலித்ததும் பாதியில் இருந்தாலும் அடுத்ததுக்குப் போக வேண்டும். மொத்தம் 48 நிமிடம்.

ஒரு போஸ்டரை வைத்துப் பார்ப்போம். தொலைநோக்கியில் வானம் பார்க்கும் ஓர் இரவு நிகழ்ச்சி. முதல் ஆறு கட்டங்களை யார் வரைந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான்: நிலா, தொலைநோக்கி, அண்ணாந்து பார்க்கும் குழந்தை, நட்சத்திரக் கூட்டம், சனியின் வளையம், கருநீலத்தில் மஞ்சள். இவை தவறில்லை. மனதின் மேல்தட்டில் கிடப்பவை, அவ்வளவுதான். இவற்றை வரைந்து வெளியே கொட்டாமல் அடியில் இருப்பது மேலே வராது. "இது பழையது" என்று மனதிலேயே தள்ளிவிட்டுப் புதுசுக்குக் காத்திருப்பவர் காத்துக்கொண்டே இருப்பார்.

ஏழிலிருந்து பன்னிரண்டு வரை அதே பொருள்களின் அளவும் வெட்டும் மாறும். நிலாவின் விளிம்பு மட்டும். வளையம் எழுத்தைச் சுற்றி. பதின்மூன்றுக்கு அருகே கை நின்றுவிடும், கிட்டத்தட்ட எல்லோருக்கும். பலர் இங்கேதான் "நமக்கு வறண்டுபோச்சு" என்று எழுந்துபோகிறார்கள். எழுந்துபோகாதீர்கள். டைமரை நிறுத்திவிட்டு, 10 நிமிடம் விஷயத்தைப் படியுங்கள். டிசைனை அல்ல, விஷயத்தை. வானியல் தொலைநோக்கியில் பிம்பம் தலைகீழாகத் தெரியும். சனியிலிருந்து கிளம்பும் ஒளி நம்மை எட்ட ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும்.

இப்போது பதினான்காவது கட்டம்: தலைப்பு தலைகீழாக, விவரம் மட்டும் நேராக. பதினைந்து: நிகழ்ச்சி தொடங்கும் நேரம் பெரிதாக, அதற்கு மேல் சனியின் ஒளி அங்கிருந்து கிளம்பிய நேரம். பதினாறு: முக்கால் பக்கம் முழு இருட்டு, அதில் கறுப்பைவிடச் சற்றே வெளுத்த கறுப்பில் எழுத்து, கண் பழகினால்தான் தெரியும். பதினேழு: போஸ்டரின் உச்சியில் மட்டும் ஒரு சிறு வரி, கீழே முழுக்க வெறுமை, படிக்கிறவர் தானே அண்ணாந்து பார்ப்பார். இந்த நான்கும் படங்களைப் புரட்டிக் கிடைத்தவை இல்லை, விஷயத்தின் வயிற்றிலிருந்து வந்தவை. அடுத்தவர் போஸ்டரில் இவை இருக்க வாய்ப்பு குறைவு.

32-உம் முடிந்ததும் உடனே தேர்வு செய்யாதீர்கள். ஒரு மணி நேரமாவது தள்ளி வைத்துவிட்டு வந்து, மூன்றைத் தேர்ந்தெடுங்கள்: ஒன்று முதல் எட்டிலிருந்து, ஒன்று நடுவிலிருந்து, ஒன்று கடைசி எட்டிலிருந்து. முதல் எட்டை ஒதுக்க வேண்டாம். சில நேரம் நேரான வழிதான் சரியான வழி. மற்ற இரண்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது சரியா, வெறும் சோம்பலா என்று தெரியும்.

ரெஃபரன்ஸ் எப்போது பார்ப்பது

கட்டங்களை வரைந்து முடித்த பிறகுதான். இந்த வரிசை முக்கியம். டேவிட் ஜான்சனும் ஸ்டீவன் ஸ்மித்தும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், வடிவமைப்பாளர்களிடம் ஒரு வடிவமைப்புச் சிக்கலைக் கொடுத்து, சிலருக்கு மட்டும் மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். மாதிரியைப் பார்த்தவர்கள் அதன் அம்சங்களைத் தங்கள் வடிவமைப்பிலும் கொண்டுவந்தார்கள், அதிலிருந்த குறைகளோடு சேர்த்து. காப்பியடிக்கும் எண்ணம் இல்லாதவருக்கும் இது நடக்கும். மூட்போர்டு (பிடித்த படங்களைச் சேர்த்து ஒட்டிய பலகை) போட்டுவிட்டு வேலையைத் தொடங்கும் பழக்கத்தில் உள்ள ஆபத்து இதுதான்: முதல் பதினைந்து படங்களைப் பார்த்து முடிக்கும்போதே பதில் எப்படி இருக்க வேண்டும் என்று கண் தீர்மானித்துவிடுகிறது.

பார்க்கும்போது உங்கள் துறைக்கு வெளியே பாருங்கள். லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தை 1931-இல் ஹாரி பெக் புதிதாக வரைந்தார். 1933-இல் அது பொதுமக்கள் கைக்கு வந்தது. அவர் பொறியியல் வரைவாளர். முந்தைய வரைபடங்கள் ஊரின் உண்மையான தூரத்தையும் வளைவையும் காட்ட முயன்று நெரிசலாகக் கிடந்தன. பெக் கிடைக்கோடும் நெட்டுக்கோடும் 45 பாகைக் கோடும் மட்டும் வைத்து, நிலையங்களைச் சீரான இடைவெளியில் அடுக்கினார். மின்சுற்று வரைபடத்தின் ஒழுங்கு அது. இன்னொரு வரைபடக்காரரைப் பார்த்திருந்தால் அவருக்கு இன்னும் கொஞ்சம் அழகான நெரிசல்தான் கிடைத்திருக்கும். மெனு கார்டு செய்கிறீர்கள் என்றால் மற்ற மெனு கார்டுகளை மூடிவிட்டு, இசைக்குறியீட்டுத் தாளையும் விதைப் பொட்டலத்தையும் விமான கால அட்டவணையையும் பாருங்கள்.

சேமித்து வைப்பது பார்ப்பது ஆகாது. பிடித்த ஒரு வேலையை எடுத்து 15 நிமிடம் மார்க்கரில் அதன் கனங்களை மட்டும் தாளில் பெயர்த்து வரையுங்கள். பிறகு கீழே மூன்று வரி எழுதுங்கள்: இங்கே எடுக்கப்பட்ட ஒரு துணிச்சலான முடிவு எது, அது ஏன் வேலை செய்கிறது, அதை எடுத்துவிட்டால் எது உடையும். வாரத்துக்கு இப்படி ஒன்று, நூறு படம் சேமிப்பதைவிட மேல்.

பகடை

தேர்வு செய்வதே கையின் பழக்கமாகிவிட்டது என்றால், தேர்வைப் பகடையிடம் கொடுத்துவிடலாம். ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி என்ற வானியலாளர் ஒரு சிக்கலின் எல்லாக் கூறுகளையும் கட்டங்களில் அடுக்கி, சேர்க்கைகளைத் தேடும் முறையை உருவாக்கினார். சுவிஸ் டிசைனர் கார்ல் கெர்ஸ்ட்னர் 1960-களில் அதை எழுத்துக்கும் லோகோவுக்கும் கொண்டுவந்தார். எளிய வடிவம் இது. ஐந்து வரி எழுதுங்கள்: எழுத்தின் அளவு, எழுத்தின் திசை, கனம் இருக்கும் இடம், படத்தின் வகை, நிறம். ஒவ்வொன்றுக்கும் ஆறு தெரிவு. திசைக்கு, கிடை, நெட்டு, சாய்வு, வளைவு, தலைகீழ், சிதறல். நிறத்துக்கு, கறுப்பு மட்டும், ஒரு நிறம், கறுப்போடு ஒன்று, ஒன்றன்மேல் ஒன்று படியும் இரண்டு, ஒரே நிறத்தின் மூன்று அழுத்தம், நிறத் தாளில் வெள்ளை. மற்ற மூன்றையும் உங்கள் வேலைக்கேற்ப நிரப்புங்கள். மொத்தம் 7776 சேர்க்கை.

ஐந்து முறை உருட்டினால் ஒரு சேர்க்கை. மூன்று சேர்க்கை எடுத்து, மூன்றையும் வரைய வேண்டும். பிடிக்காததை மறுபடி உருட்டக் கூடாது. இதை மீறினால் முறை முழுவதும் வீண், ஏனென்றால் பிடித்தது வரும்வரை உருட்டுவதும் பழைய கைதான். கிடைக்கும் மூன்றில் இரண்டு அபத்தமாக இருக்கலாம். மூன்றாவதில் நீங்களாக ஒருபோதும் போயிருக்க முடியாத ஒரு இடம் இருக்கும்.

ஆறு தெரிவு எழுதும்போது நீங்கள் எப்போதும் செய்வதும் பட்டியலில் ஒன்றாக இருக்கட்டும். அதை வேண்டுமென்றே நீக்கத் தேவையில்லை. அது ஆறில் ஒன்றாகச் சுருங்கினாலே போதும்.

ஃபைலுக்குள் ஒளிந்திருக்கும் பழக்கம்

சில பழக்கங்கள் கையில்கூட இல்லை, ஃபைலில் இருக்கின்றன. போன வேலையை டூப்ளிகேட் செய்து புது வேலையைத் தொடங்கினால் அதன் கைடு, ஸ்டைல், ஸ்வாட்ச், மார்ஜின் எல்லாம் கூடவே வரும். தேக்கத்தில் இருக்கும் காலம் முழுக்க வெற்று ஃபைலில் தொடங்குங்கள். சேமித்த நிறங்கள் இருக்கும் ஸ்வாட்ச் பேனலைக் காலி செய்யுங்கள். ஸ்னாப்பையும் ஸ்மார்ட் கைடையும் அணைத்துவிடுங்கள். நடுக்கோட்டுக்கு அருகே கொண்டுபோனாலே ஒட்டிக்கொள்ளும் மென்பொருள், நடுவில் வைக்கும்படி உங்களை நொடிக்கு நொடி தள்ளிக்கொண்டிருக்கிறது. கடைசியில் சீராக்கும்போது திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

இன்னும் ஒரு படி போக மனமிருந்தால் தலைப்பை நான்கு அளவில், விவரத்தை இரண்டு அளவில், படத்தை மூன்று வெட்டில் பிரின்ட் எடுத்துக் கத்தரித்து, ஏ3 தாளின் மேல் கையால் நகர்த்துங்கள். ஒவ்வொரு அமைப்பையும் நேர் மேலிருந்து மொபைலில் படம் எடுங்கள். அரை மணி நேரத்தில் 20 அமைப்பாவது வரும். திரையில் பெரிதாக்கிச் சின்னதாக்கிப் பார்ப்பதால் உண்மையான அளவு மறந்துபோகிறது. தாளில் 10 பாயின்ட் என்றால் 10 பாயின்ட்தான். துண்டுகள் விளிம்பைத் தாண்டி வெளியே சரிவதையும், ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதையும் தடுக்காதீர்கள். நல்லவை பல நேரம் அந்தச் சரிவில்தான் கிடைக்கின்றன.

இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்றால்

டெட்லைன் தலைக்கு மேல் நிற்கும்போது 32 கட்டம் முடியாது. அப்போது இப்படிப் பிரியுங்கள். 10 நிமிடம் விஷயத்தைப் படித்து, பிரீஃபை ஒரே வாக்கியமாக எழுத. 15 நிமிடத்தில் ஒரே தாளில் 16 கட்டம், ஒன்றுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. 5 நிமிடம் தேர்வு. 60 நிமிடம் கணினியில். பிறகு 10 நிமிடம் எழுந்து நடங்கள், திரையைப் பார்க்காதீர்கள். மீதி 20 நிமிடம் திருத்தம். நடக்கும் 10 நிமிடத்தைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுவார்கள், ஆனால் திரும்பி வந்த முதல் 3 விநாடியில் தெரியும் தவறு, தொடர்ந்து உட்கார்ந்திருந்தால் தெரியாது.

இப்படிப்பட்ட வேலையில் புதுமையை ஒரே முடிவுக்குள் அடக்குங்கள். எழுத்தின் விகிதத்தை மாற்றுங்கள், மீதி அனைத்தும் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியதாக இருக்கட்டும். கிளையண்டின் பணத்தில் ஐந்து சோதனை ஒரே நேரத்தில் செய்தால், திருத்தம் கேட்டு வரும்போது எதைக் காப்பாற்ற வேண்டும் என்றே தெரியாமல் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க நேரும். ஒரே முடிவு என்றால், அது ஏன் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லி வாதாட முடியும்.

அனுப்பும் முன் நான்கு சோதனை: கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் முதலில் தெரிவது முதலில் தெரிய வேண்டியதுதானா, 5 செ.மீ. அகலத்துக்குச் சுருக்கினால் தலைப்பு படிக்க வருகிறதா; தலைகீழாகத் திருப்பினால் எந்தப் பக்கமும் காரணமில்லாமல் கனத்து நிற்கிறதா; பின்னணிக்கும் சின்ன எழுத்துக்கும் உள்ள கான்ட்ராஸ்ட் குறைந்தது 4.5-க்கு 1 இருக்கிறதா. கடைசி எண் இணைய அணுகல்தன்மை விதிகளில் சாதாரண அளவு எழுத்துக்குச் சொல்லப்படுவது. பதினாறாவது கட்டத்தில் வந்த இருட்டு எழுத்து இந்தச் சோதனையில் தோற்கும். தோற்கட்டும், அது படம் போலத் தெரியும் எழுத்து. ஆனால் இடம், நாள், நேரம் ஆகியவை வெளிச்சத்தில் இருந்தே ஆக வேண்டும்.

ஐந்து வேலைக்குப் பிறகு

தடையோடு 5 வேலை முடிந்ததும், பழைய 12-இல் முதல் ஐந்தை எடுத்துவிட்டுப் புது ஐந்தைச் சேர்த்து அதே அட்டவணையை மறுபடி நிரப்புங்கள். தேங்கியிருந்த நெடுவரிசையில் எண் 8-இலிருந்து 5-க்கோ 4-க்கோ இறங்கியிருந்தால் தடையை எடுத்துவிடலாம். இறங்கவே இல்லை என்றால், தடையைச் சுற்றிக்கொண்டு போக ஒரு சந்து கிடைத்திருக்கிறது என்று பொருள். தடித்த எழுத்துக்குத் தடை போட்டவர் கறுப்புப் பட்டைக்குள் எழுத்தை வைத்து அதே கனத்தைக் கொண்டுவந்திருப்பார். பட்டைக்கும் தடை போட்டு இன்னும் மூன்று வேலை செய்து பாருங்கள்.

இன்னொன்றும் நடக்கும். 5 நெடுவரிசைக் கிரிட் பிடித்துப்போய் புது வேலை ஐந்திலும் அதே இரண்டும் மூன்றுமான பிரிவு உட்கார்ந்திருக்கும். அதுவும் கைப்பழக்கமாகிக்கொண்டிருக்கிறது. அட்டவணையில் அதற்கும் ஒரு நெடுவரிசை சேர்த்துவிட்டு, அடுத்த வேலையை 7 நெடுவரிசைக் கிரிட்டில் தொடங்குங்கள்.